ஷாத்தோ கயார்: இரண்டு வருடத்தில் கட்டி, முதல் முற்றுகையிலேயே பறிகொடுத்த கோட்டை. தப்பு யார் மேல்?

கோட்டைக்கிறுக்கன்:

நார்மண்டியில் லே ஸாந்தெலி என்று ஒரு சிறிய ஊர். செய்ன் ஆறு அங்கே பெரிதாக வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்கு மேலே, ஆற்றிலிருந்து சுமார் 90 மீட்டர் உயரத்தில், வெள்ளைச் சுண்ணக்கல் குன்றின் நுனியில் உட்கார்ந்திருக்கும் இடிபாடுதான் ஷாத்தோ கயார். சிங்க நெஞ்சன் என்று பேர் வாங்கிய இங்கிலாந்து மன்னன் ரிச்சர்ட் 1196-இல் வேலையைத் தொடங்கி 1198-இல் முடித்துவிட்டான். இந்த அளவுக் கோட்டைக்கு அந்தக் காலத்தில் பத்து வருடம் பிடிப்பது சாதாரணம்.

ஏன் அவ்வளவு அவசரம்? சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் ரிச்சர்ட் பிடிபட்டுச் சிறையில் கிடந்தான். அந்தச் சந்தர்ப்பத்தில், 1193-இல், பிரான்ஸ் மன்னன் இரண்டாம் பிலிப் ழிஸோர் கோட்டையைத் தட்டிக்கொண்டான். நார்மண்டியின் கிழக்கு வாசலுக்கு அதுதான் தாழ்ப்பாள். அது கழன்றபின் செய்ன் ஆற்றை ஒட்டியே இறங்கி ரூவான் நகரம் வரை வந்துவிடலாம். நடுவில் எங்காவது அடைத்தாக வேண்டும். ரிச்சர்ட் கண்ணில் பட்ட இடம் மேலே சொன்ன லே ஸாந்தெலிக் குன்று, அதாவது அந்தெலிப் பாறை.

இதில் இரண்டு சிக்கல். அங்கே கோட்டை எதுவும் எழுப்பக் கூடாது என்று 1196 ஜனவரியில் பிலிப்போடு போட்ட ஒப்பந்தத்திலேயே இருந்தது. அப்புறம், அந்த நிலம் ரூவான் பேராயர் வால்ட்டருக்குச் சொந்தமானது. கேட்டும் அவர் கொடுக்கவில்லை. மன்னன் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்ததும், நார்மண்டி முழுக்கத் திருப்பலி, அடக்கம் எல்லாவற்றுக்கும் தடை போட்டுவிட்டு ரோமுக்குக் கிளம்பிவிட்டார். நகரத் தெருக்களில் பிணங்கள் அடக்கமாகாமல் கிடந்தன என்று அந்தக் காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். கொத்தனார் வேலை மட்டும் நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் போப் மூன்றாம் செலஸ்டீன் தலையிட்டு 1197-இல் தடை நீங்கியது. அந்த ஒரு பாறைக்கு ஈடாக தியெப் துறைமுகம், லூவியே, ரூவானில் இருந்த ஆலைகள் எல்லாம் பேராயர் கைக்குப் போயின. பேரத்தில் ஜெயித்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

செலவு சுமார் 12,000 பவுண்ட். தன் ஆட்சிக் காலம் முழுவதும் இங்கிலாந்தில் உள்ள கோட்டைகள் அத்தனைக்கும் சேர்த்து ரிச்சர்ட் செலவழித்தது 7,000 பவுண்டைத் தொடவில்லை.

இப்படிக் கட்டிய கோட்டை 1204 மார்ச் 6 அன்று பிலிப் கையில் விழுந்தது. என் கட்சி என்னவென்றால், கோட்டையில் குறை இல்லை. 1199-இல் ரிச்சர்ட் செத்த பிறகு பட்டத்துக்கு வந்த தம்பி ஜான்தான் அதைக் கைகழுவினான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரலாம்.

சிவில்காரன்:

மாற்றுக் கருத்தோடு வந்திருக்கிறேன் அண்ணே. கட்டுமானத்திலேயே குறை இருந்தது. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

குன்றின் முதுகு நெடுகிலும் மூன்று முற்றங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். மற்ற பக்கங்கள் சரிவு. தரைவழியாகப் படை வர ஒரே வழி தென்கிழக்குப் பீடபூமிதான். அந்தத் திசையில் முதலில் முன்முற்றம், கப்பலின் முகப்பு மாதிரிக் கூராக நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் நடு முற்றத்துக்கும் இடையே பாறையில் வெட்டிய ஆழமான அகழி. நடு முற்றத்துக்குள் தனி அகழியோடு உள்முற்றம். அதற்குள்ளே பிரதான கோபுரம்.

உள்முற்ற மதில்தான் அபூர்வம். தட்டையான பரப்பே கிடையாது என்று சொல்லலாம். அரைவட்டத் துருத்தல்கள் அடுத்தடுத்து நெருக்கமாக, சுவரே அலை அலையாகப் போகிறது. எறிகல் வந்து மோதினால் முழு வேகமும் ஒரே இடத்தில் இறங்காமல் பக்கவாட்டில் சிதறும். மேலிருந்து அம்பு விடுகிறவனுக்குப் பல கோணம் கிடைக்கும். பிரதான கோபுரத்தின் முட்டுச்சுவர்களைப் படத்திலாவது உற்றுப் பாருங்கள். வழக்கமாக முட்டு கீழே அகலமாக, மேலே ஒடுங்கி இருக்கும். இங்கே தலைகீழ். கீழே ஒடுங்கி, மேலே போகப் போக அகன்று, உச்சியில் வளைவுகளால் இணைந்திருந்தது. வளைவுக்கும் சுவருக்கும் நடுவில் விட்ட சந்து வழியாக, கீழே நிற்கிறவன் தலையில் நேராகக் கல்லைப் போடலாம். ஐரோப்பாவில் கல்லிலேயே இப்படிச் செய்த ஆரம்ப கால உதாரணங்களில் இது ஒன்று.

குறைக்கு வருகிறேன். உள்முற்ற வாசலுக்கு எதிரே அகழியை வெட்டும்போது, நடுவில் கொஞ்சம் பாறையை வெட்டாமல் பாலமாக விட்டுவிட்டார்கள். மரப்பாலம் என்றால் ஆபத்து நேரத்தில் தூக்கிவிடலாம், எரித்துவிடலாம். பாறையை என்ன செய்வது? முற்றுகையின் கடைசிக் கட்டத்தில் பிலிப்பின் ஆட்கள் அந்தப் பாலத்தையே மறைப்பாக வைத்துக்கொண்டு மதிலடியைக் குடைந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டி அவர்களை விரட்டினார்கள். விளைவு, ஒரே சுவருக்கு அடியில் இரண்டு பக்கமும் பொந்து. அப்புறம் பெரிய கல்லெறி பொறியால் அடிக்க அடிக்க மதில் சரிந்தது. அந்த அலைச் சுவரின் சூட்சுமம் எல்லாம் பாதம் போனபின் எதற்கு உதவும்?

ஆகவே ஜான் மேல் மட்டும் பழி போடுவது நியாயம் இல்லை.

ஏட்டுச்சுருள்:

நல்ல இழை. கயார் பற்றி எது எழுதினாலும் ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். முற்றுகை பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரே ஆள் எழுதியது. பெயர் கிய்யோம், பிரெத்தாஞ் பகுதிக்காரர், பிலிப்பின் அரண்மனைக் குருவானவர். முற்றுகையைக் கூட இருந்து பார்த்தவர், அதனால் விவரங்கள் அற்புதமாக இருக்கும். சம்பளம் கொடுத்தவர் பிலிப், அதனால் பிலிப் எப்போதும் நல்லவராகவே இருப்பார்.

ரிச்சர்ட் பற்றிய கதைகளும் இதே ரகம்தான். "மதில் இரும்பானாலும் பிடிப்பேன்" என்று பிலிப் சொன்னதாகவும், "வெண்ணெயால் கட்டியிருந்தாலும் காப்பேன்" என்று ரிச்சர்ட் பதில் கொடுத்ததாகவும் எல்லா இடத்திலும் பார்ப்பீர்கள். வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் எழுதி வைத்தது. அவர் நல்ல கதைசொல்லி, அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று ரத்த மழை. 1198 மே மாதம் ரிச்சர்ட் வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தபோது தண்ணீரோடு ரத்தமும் சேர்ந்து பெய்தது, கூட இருந்தவர்கள் அபசகுனம் என்று நடுங்கினார்கள், மன்னன் அசையவில்லை என்று நியூபர்க் வில்லியம் எழுதுகிறார். ஒரு வருடத்துக்குள், 1199 ஏப்ரலில், ஷாலூஸ் என்ற சின்னக் கோட்டையை முற்றுகையிட்டபோது குறுக்குவில் அம்பு பட்டு ரிச்சர்ட் செத்துப்போனான். அந்தச் சாவுக்குப் பிறகு பழைய சகுனம் எதைச் சொன்னாலும் ஜனங்கள் நம்பத்தானே செய்வார்கள்.

கணக்குப் புத்தகங்களில் இப்படிக் கதை கிடையாது. நார்மண்டிக் கருவூலச் சுருள்களில் கல்லுடைப்பவர், கொத்தர், தச்சர், கொல்லர், சுண்ணாம்பு நீற்றுபவர், தண்ணீர் சுமப்பவர் என்று வகை வகையாகக் கூலி எழுதியிருக்கிறது. தலைமைச் சிற்பி என்று ஒருவர் பெயரும் இல்லை. திட்டம் ரிச்சர்டின் சொந்த மூளை என்று பலர் நம்புவதற்கு இதுதான் காரணம்.

குறும்பன்07:

கழிப்பறைக் குழாய் வழியாக ஏறிப் பிடித்தார்கள் என்பதை ஏன் யாருமே சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? எனக்கு இந்தக் கோட்டையைத் தெரிந்ததே அதனால்தான் 😄

ஏட்டுச்சுருள்:

தம்பி, அது ரொம்பப் பிரபலம், ஆனால் நம்ப முடியாது. கிய்யோமின் செய்யுளில் இருப்பது ஜன்னல்.

நடந்தது இதுதான். முன்முற்றம் ஏற்கெனவே விழுந்துவிட்டது. அதுவே ஒரு கதை. அகழியில் இறங்கியபின் ஏணி எட்டவில்லை. சுண்ணக்கல் மிருதுவானது என்பதால் குத்துவாளாலேயே பாறையில் படி குடைந்து ஏறி, மூலைக் கோபுரத்தின் அடியைத் தோண்டிச் சரித்தார்கள். அடுத்தது நடு முற்றம். அங்கே தெற்குப் பக்கமாக ஜான் ஒரு கட்டடம் சேர்த்திருந்தான். மேலே சிற்றாலயம், கீழே சரக்கறை. அதில் வெளிப்பக்கமாக ஒரு ஜன்னல். போழி என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு வீரன் அதைக் கண்டுபிடித்து, கூட்டாளியின் தோளில் ஏறி உள்ளே குதித்து, கயிறு போட்டு மற்றவர்களையும் இழுத்துக்கொண்டான். உள்ளே போனதும் கதவை உடைக்கிற மாதிரிப் பெருஞ்சத்தம் போட்டார்கள். ஏதோ பெரும்படை புகுந்துவிட்டது என்று நினைத்து, காவலில் இருந்தவர்கள் அந்தக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். காற்று சதி செய்தது. புகை முற்றம் முழுக்கச் சூழ்ந்து, தீ வைத்தவர்களே உள்முற்றத்துக்கு ஓட வேண்டியதாயிற்று. போழியின் ஆட்கள் வெளியே வந்து நடு முற்றத்தின் தூக்குப்பாலத்தை இறக்கிவிட்டார்கள்.

ஆலய ஜன்னல் பிற்பாடு கழிப்பறையாக மாறியதன் காரணம் ஊகிக்கக் கடினமில்லை. எதிரியை நாறடிக்க இதைவிட நல்ல வழி உண்டா?

கோட்டைக்கிறுக்கன்:

பார்த்தீர்களா சிவில்காரன், அந்த ஜன்னலும் ஜான் வைத்ததுதான்! அண்ணன் போட்ட திட்டத்தில் தம்பி ஓட்டை போட்டான்.

சிவில்காரன்:

ஜன்னலுக்கு ஒத்துக்கொள்கிறேன். பாறைப் பாலம் அண்ணன் காலத்தது. அதை மறக்காதீர்கள்.

வாணி_மதுரை:

சுவரையும் ஜன்னலையும் பேசுகிறீர்கள், அந்தச் சுவருக்கு வெளியே கிடந்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே.

பாறைக்குக் கீழே ரிச்சர்ட் ஒரு புது ஊரும் உண்டாக்கியிருந்தான், பெத்தி அந்தெலி. பிலிப் படை வந்ததும் ஊர் ஜனம் மொத்தமும் மேலே கோட்டைக்குள் ஓடியது. குறைந்தது 1,400 பேர், 2,000-க்கும் மேல் என்றும் சொல்கிறார்கள். கோட்டைத் தளபதி ரோஜர் டி லாஸி, ஜானுக்கு விசுவாசமானவர், கணக்குப் போட்டுப் பார்த்தார். சண்டை போடாத வாய்களுக்குச் சோறு போட்டால் தானியம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே வெளியேற்ற ஆரம்பித்தார். முதலில் ஐந்நூறு பேர், பிறகு இன்னொரு ஐந்நூறு பேர். பிரெஞ்சுப் படை பாவம் பார்த்து வழிவிட்டது. இது பிலிப் காதுக்குப் போனதும், இனி ஒருவரையும் விடக்கூடாது என்று உத்தரவு. உள்ளே ஜனம் இருந்தால்தானே தானியம் கரையும்!

கடைசியாக வெளியேற்றப்பட்ட நூற்றுக்கணக்கானவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். முன்னே போனால் பிரெஞ்சு அம்பு. திரும்பினால் கோட்டைக் கதவு சாத்தியிருக்கிறது. குளிர்காலம் பூராவும் அந்தச் சரிவிலும் அகழியிலும் கிடந்தார்கள். புல்லையும், கோட்டையிலிருந்து துரத்திவிட்ட நாய்களையும் தின்றார்கள். பிறந்த குழந்தையைத் தின்றதாகவும் எழுதியிருக்கிறது. கடைசியில் பிலிப் நேரில் வந்தபோது கதறினார்களாம், விடச் சொல்லிச் சோறு போடச் சொன்னானாம். அதில் ஒருவன் நாயின் தொடை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைக் கீழே போடச் சொன்னால், ரொட்டியைக் கண்ணால் பார்த்தால்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டானாம். பட்டினி கிடந்த வயிற்றில் திடீரென்று சோறு விழுந்ததும் பலர் அங்கேயே செத்தார்கள்.

இந்த இழையில் தப்பு யார் மேல் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ரிச்சர்டோ ஜானோ முக்கியம் இல்லை.

ஏட்டுச்சுருள்:

சரியாகச் சொன்னீர்கள் வாணி. இதையும் எழுதியது கிய்யோம்தான் என்பதைக் கவனியுங்கள். வழியை அடைத்த உத்தரவு பிலிப்புடையது, ஆனால் கதை முடியும்போது பிலிப் கருணைக் கடலாக நிற்கிறான். அந்த நாய்த்தொடைக்காரனை அவர் கற்பனை செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அரசனைப் புகழ வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு அந்த விவரம் தேவையே இல்லை.

லாஷப்பல்வாசி:

வணக்கம். பாரிஸில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். லாஸியை மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. வெளியிலிருந்து படை வந்து மீட்கும் என்று நம்பித்தான் அவர் தானியத்தை மிச்சம் பிடித்தார். அந்த மீட்புப் படை ஏற்கெனவே ஒருமுறை வந்து தோற்றுப் போனதை இங்கே யாரும் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன்.

முற்றுகையின் தொடக்கத்தில், 1203 கோடை முடிகிற நேரம், ஜான் நல்ல திட்டம்தான் போட்டார். வில்லியம் மார்ஷல் தலைமையில் தரைப்படை ஒரு பக்கம், ரூவானிலிருந்து உணவு ஏற்றிய படகுகள் இன்னொரு பக்கம். இரவில் ஒரே நேரத்தில் இரண்டும் பாய வேண்டும். தரைப்படை சொன்ன நேரத்துக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த பிரெஞ்சு முகாமைச் சிதறடித்தது. படகுகளைக் காணவில்லை. ஆற்றின் ஓட்டத்தையும் கடல் ஏற்றவற்றத்தையும் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். எதிர்நீரில் துடுப்புப் போட்டுப் படகுகள் வந்து சேர விடிந்துவிட்டது. அதற்குள் பிரெஞ்சுக்காரர் சுதாரித்து மார்ஷலை விரட்டிவிட்டார்கள். பிறகு ஆற்றுப் பாலத்தில் நின்றுகொண்டு படகுகளையும் அடித்து நொறுக்கினார்கள். இரண்டு படையையும் ஒன்றன்பின் ஒன்றாக, வசதியாக.

அதோடு ஆற்று நடுவே இருந்த தீவுக் கோட்டையும் போய்விட்டது. கோபேர் என்ற நீச்சல்காரன், நெருப்புத் தணலை மூடிய சட்டிகளில் வைத்து நீந்திக் கொண்டுபோய் மரவேலிக்குத் தீ வைத்தானாம். ஜான் 1203 டிசம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். நார்மண்டிக்குத் திரும்பி வரவே இல்லை. மேலே மதிலில் நின்றவர்கள் மூன்று மாதம் வராத படைக்காகக் காத்திருந்தார்கள்.

கோட்டைக்கிறுக்கன்:

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்! எந்தக் கோட்டையும் தானாக ஜெயிக்காது. அதன் வேலை நாள் கடத்துவது. ஆறு மாதத்துக்கு மேல் கடத்திக் கொடுத்தது. அந்த ஆறு மாதத்தை ஜான் என்ன செய்தான்? லாஸியின் ஆட்கள் பட்டினியால் சரணடையவில்லை என்பதையும் பாருங்கள். மதில் சரிந்தபின்னும் சண்டை. கடைசியில் திட்டிவாசல் வழியாக வெளியேறப் பார்த்துப் பிடிபட்டார்கள், பிரதான கோபுரத்துக்குள் போய்க் கதவடைக்கக்கூட நேரம் இல்லை. பிடிபட்டவர்கள் சுமார் 140 பேர். பின்னால் லாஸியை மீட்க ஜான் 1,000 பவுண்ட் கொடுத்தானாம். கோட்டை இருந்தபோது காட்டாத அக்கறை!

மூன்று மாதம் கழித்து, 1204 ஜூன் 24 அன்று, ரூவான் சண்டை இல்லாமல் திறந்துவிட்டது. 1066-இலிருந்து இங்கிலாந்தோடு கிடந்த நார்மண்டி போயே போய்விட்டது. மிச்சம் ஜெர்ஸி, கெர்ன்ஸி மாதிரி நாலைந்து தீவுகள்தான். அவை இன்றைக்கும் பிரிட்டிஷ் முடியின் கீழ் இருப்பதற்கு மூல காரணம் இந்தக் கணக்குதான்.

சிவில்காரன்:

அண்ணே, நாள் கடத்துவதுதான் வேலை என்றால் பாறைப் பாலம் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் சில மாதம் கடந்திருக்கும். ஜான் வந்திருப்பாரா என்று கேட்டால், வந்திருக்க மாட்டார். அதில் நம் இருவருக்கும் சண்டை இல்லை.

குறும்பன்07:

சரி, 1204-க்குப் பிறகு என்ன ஆனது? கோட்டை எப்படி இடிந்தது? பீரங்கியா?

ஏட்டுச்சுருள்:

பீரங்கி இல்லை. அரசாணை.

நடுவில் நிறைய நடந்தது, வேகமாகச் சொல்கிறேன். 1314-இல் நான்காம் பிலிப்பின் மருமகள்கள் மார்கரெட், பிளான்ஷ் இருவரையும் கள்ள உறவுக் குற்றத்துக்காக இங்கே அடைத்தார்கள். காதலர்களான ஓனே சகோதரர்களைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். மார்கரெட் அடுத்த வருடமே இங்கே செத்தாள், அதற்குள் அவள் கணவன் பத்தாம் லூயி மன்னனாகிவிட்டிருந்தான். கொஞ்ச நாளில் மறுமணமும் செய்துகொண்டான். வசதியான சாவு, அவ்வளவுதான் சொல்ல முடியும். 1334-இலிருந்து 1341 வரை ஸ்காட்லாந்தின் சிறுவன் மன்னன் இரண்டாம் டேவிட் அடைக்கலமாக வந்து இங்கே வளர்ந்தான். நூறாண்டுப் போரில் கை மாறிக்கொண்டே இருந்தது. 1419-இல் ஆங்கிலேயரிடம் விழுந்தபோது, கிணற்றுக் கயிறுகள் தேய்ந்து அறுந்து தண்ணீர் இறைக்க முடியாமல்தான் சரணடைந்தார்கள் என்கிறார்கள். 1430-இல் பிரெஞ்சுத் தளபதி லா ஹிர் மீட்டார், சில மாதத்தில் மறுபடி போனது, 1449-இல் நிரந்தரமாகப் பிரான்ஸ் கைக்கு வந்தது.

மதப் போர்களுக்குப் பிறகு, கொள்ளைக் கூட்டம் ஏதாவது உள்ளே புகுந்து உட்கார்ந்துவிடும் என்று பயந்து நார்மண்டிப் பிரதிநிதிகளே இடிக்கச் சொல்லி விண்ணப்பித்தார்கள். 1599-இல் நான்காம் ஹென்றி இடிக்க ஆணையிட்டான். மடத்தைப் பழுது பார்க்கக் கல் எடுத்துக்கொள்ளலாம் என்று கப்புச்சின் துறவிகளுக்கு அனுமதி கிடைத்தது. நன்றாகச் செதுக்கிய முகக்கல்லைத்தான் எல்லாரும் உரிப்பார்கள். இன்று சுவர்களில் பல இடங்களில் தெரிவது உள்ளே கொட்டிய சிக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புக் காரையும். 1862-இல் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

வாணி_மதுரை:

அடுத்த வருடம் மகள் படிப்புக்காக பாரிஸ் வருகிறோம். போய்ப் பார்க்க முடியுமா? எனக்கு மூட்டு வலி உண்டு.

லாஷப்பல்வாசி:

தாராளமாகப் பார்க்கலாம் அக்கா. பாரிஸிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். லே ஸாந்தெலியில் ரயில் நிலையம் இல்லை, கய்யோன் நிலையத்தில் இறங்கி வண்டி பிடிக்க வேண்டும். சொந்தக் கார் என்றால் இன்னும் சுகம். பெத்தி அந்தெலியிலிருந்து நடந்து ஏறும் பாதை செங்குத்து, உங்கள் மூட்டுக்கு வேண்டாம். பின்பக்கமாகப் பீடபூமி வழியே கார் மேலேயே போகும். பிலிப் வந்த திசை அதுதான். அங்கே நின்றாலே ஆற்று வளைவும் முழுக் கோட்டையும் கண்ணுக்குக் கீழே விரியும். அங்கிருந்து கோட்டைக்கு இறக்கம், திரும்பும்போது ஏற்றம், மெல்ல நடக்கலாம். வெளி முற்றங்களில் சும்மா சுற்றலாம். உள்முற்றத்துக்குக் கட்டணம் உண்டு, குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள். ஆகவே வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் நடுவில் வாருங்கள். சிவில்காரன் சொன்ன அகழியில் பாறையைக் குடைந்து தூண்கள் விட்ட அறைகள் இருக்கின்றன, அதையும் பாருங்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், சுண்ணக்கல் பாதை சோப்பு மாதிரி வழுக்கும்.